தண்டல்

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் கூரம் என்று ஒரு கிராமம். கூரத்தாழ்வான் பிறந்த ஊர் என்று வைணவர்களுக்கு நன்றாகவே தெரியும். சரித்திரக்காரர்களுக்கு அந்த ஊர் வேறொரு காரணத்துக்காக முக்கியம். ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட பல்லவ மன்னன் முதலாம் பரமேஸ்வரவர்மன் இந்த ஊர்க் கோயிலுக்காக ஒரு செப்பேடு எழுதிக் கொடுத்திருக்கிறான். கூரம் செப்பேடு என்று அதற்குப் பெயர்.

அதில் இருக்கிற கணக்கு வழக்கைப் பார்த்தால் அசந்துபோவீர்கள். பரமேஸ்வரமங்கலம் என்ற ஊரை 25 பங்காகப் பிரிக்கிறார்கள். கோயில் பூஜைக்கும் பராமரிப்புக்கும் 3 பங்கு. கூரத்து மண்டபத்தில் தண்ணீரும் நெருப்பும் வைக்க ஒரு பங்கு. அதே மண்டபத்தில் உட்கார்ந்து பாரதம் வாசிக்கிறவருக்கு ஒரு பங்கு. மீதி 20 பங்கும் வேதம் படித்த 20 பேருக்கு. யாருக்கு எவ்வளவு, எதற்காக என்று எல்லாம் சுத்தம்!

இப்போது ஒரு கேள்வி.

பரமேஸ்வரவர்மனின் தாத்தா யார் தெரியுமா? மாமல்லன் நரசிம்மவர்மன். அவனிடம் அடைக்கலம் தேடி வந்தான் மானவர்மன் என்ற இலங்கை இளவரசன். அவனுக்காக மாமல்லன் ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை கடல் தாண்டிப் படை அனுப்பினான். முதல் தடவை காரியம் கைகூடவில்லை. இரண்டாவது தடவை மானவர்மன் அரியணை ஏறினான். இதைச் சொல்வது இலங்கையின் சூளவம்சம்.

படை என்ன நீந்தியா போனது? கப்பல்கள் போயின. யாரோ ஒருவர் காற்று பார்த்துப் பாய் விரித்தார். யாரோ ஒருவர் ராத்திரி முழுக்கத் தூங்காமல் சுக்கான் பிடித்தார். ஆழம் பார்த்து, பாறை பார்த்து, அத்தனை பேரையும் உயிரோடு கரை இறக்கினார். அவர்களெல்லாம் எங்கே படித்தார்கள்? எத்தனை வருஷப் படிப்பு? யார் வாத்தியார்?

கூரம் செப்பேட்டில் பாரதம் வாசித்தவருக்கு இடம் இருக்கிறது. தண்ணீர் வைத்தவருக்கும் இருக்கிறது. கப்பல் ஓட்டியவருக்கு இல்லை. நிலத்தின் படிப்பு செம்பில் ஏறிவிட்டது. கடலின் படிப்போ கையிலேயே தங்கிவிட்டது.

அதனால் அந்தப் படிப்புக்குப் பாடத்திட்டமே கிடையாது என்று நினைத்துவிடாதீர்கள். எழுதாத பாடத்திட்டத்தைப் பார்க்க வேண்டுமானால் காஞ்சிபுரத்துத் தறியைப் பாருங்கள். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று நெய்கிற கோர்வைப் புடவைக்கு மூன்று நாடா ஓட வேண்டும். தனி ஆளால் ஆகாது. ஒரு பக்கத்துக் கரைக்கு நாடா தள்ளிக் கொடுக்க இன்னொருவர் கூடவே உட்கார வேண்டும். தலைமுறை தலைமுறையாக அந்த இடத்தில் பெரும்பாலும் உட்கார்ந்தது வீட்டுப் பிள்ளைகள்தான். நாடா தள்ளித் தள்ளியே தறியின் தாளம் கைக்கு வந்துவிடும். பிறகு இழை முடிவது, பாவு பிணைப்பது என்று ஒவ்வொன்றாகப் பழகி, ஒருநாள் நடு இடத்தில் உட்கார்ந்து முழுப் புடவை நெய்வது. இந்தப் படிப்புக்கு மார்க் ஷீட் கிடையாது. ஆனால், படிகள் உண்டு. ஒன்றைத் தாண்டாமல் அடுத்ததில் கால் வைக்க முடியாது.

கடலிலும் இதே கதைதான்.

தூத்துக்குடித் தோணிகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இன்ஜின் வருவதற்கு முன்னால் பாய் விரித்து, சரக்கு ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போய் வந்த மரக்கலங்கள். அதில் ஒரு பையன் முதன்முதலாக ஏறினால் எங்கே நிற்பான் தெரியுமா? அடுப்படியில்! தோணியின் சமையல்காரருக்கு பண்டாரி என்று பெயர். அவருக்கு எடுபிடியாகத்தான் வாழ்க்கை ஆரம்பம். வெங்காயம் உரிக்கிற வேலைதானே என்று இளக்காரமாக நினைக்க வேண்டாம். ஆடுகிற பலகையில் உலை கவிழாமல் சோறு வடிக்கத் தெரிந்தவனுக்கு, கடலின் ஆட்டம் உடம்பில் ஏறிவிட்டது என்று அர்த்தம். இருக்கிற குடிதண்ணீரை எத்தனை நாளைக்கு இழுத்துப் பிடிப்பது என்கிற கணக்கும் அங்கேதான் பாடம்.

அடுத்த படி, கயிறு. எந்தக் கயிறு எந்தப் பாயை இழுக்கும், எந்த முடிச்சு காற்றில் இறுகும், எதை ஒரே இழுப்பில் அவிழ்க்கலாம்... எல்லாம் இருட்டில், கை தடவியே தெரிய வேண்டும். கிழிந்த பாயைத் தைக்க வேண்டும். பாய்மரத்தில் ஏற வேண்டும். அதற்கும் அடுத்த படி, சுக்கான். திசைகாட்டியைப் பார்த்து, சொன்ன திசை விலகாமல் தோணியை நிறுத்துவது. பகலில் சுலபம், நடு ராத்திரி தூக்கம் கண்ணைச் சுழற்றும்போதுதான் பரீட்சை.

நான்காவது படிதான் நிஜமான வித்தை. தண்ணீரின் நிறம் மாறினால் அடியில் என்ன? ஈயக்குண்டின் அடிப்பக்கத்தில் கொழுப்பு தடவிக் கடலுக்குள் இறக்குவார்கள். குண்டு தரையைத் தொட்டு மேலே வரும்போது மணலோ சேறோ சிப்பித் தூளோ அதில் ஒட்டிக்கொண்டு வரும். கயிறு ஆழத்தைச் சொல்லும், ஒட்டியது இடத்தைச் சொல்லும். உலகம் முழுக்கப் பழைய மாலுமிகள் கையாண்ட உத்தி இது.

அப்புறம், வானம். நம் பக்கத்து மாலுமிகளிடம் ராப்பலகை என்று ஒரு கருவி இருந்தது. அரபு மாலுமிகள் இதே மாதிரியான ஒன்றை கமால் என்பார்கள். ஒரு சின்ன மரப்பலகை, நடுவில் ஒரு கயிறு, கயிற்றில் முடிச்சுகள். அவ்வளவுதான். முடிச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, கயிற்றை விறைப்பாக நீட்டி, பலகையின் கீழ் விளிம்பைத் தொடுவானத்தில் வைத்தால் மேல் விளிம்பு துருவ நட்சத்திரத்தைத் தொட வேண்டும். தொட்டால், அந்த முடிச்சுக்குரிய ஊரின் நேருக்கு வந்துவிட்டோம்!

இதில் மந்திரம் எதுவும் இல்லை. வடக்கே போகப் போக துருவ நட்சத்திரம் மேலே ஏறும். தெற்கே வர வர இறங்கும். கன்னியாகுமரியில் அது தொடுவானத்திலிருந்து சுமார் 8 டிகிரி உயரத்தில் நிற்கும். நாகப்பட்டினத்தில் சுமார் 11. சென்னையில் 13. ஆக, ஊருக்கு ஒரு முடிச்சு. உங்கள் ஊர் முடிச்சு வருகிறவரை வடக்கேயோ தெற்கேயோ ஓட்டுங்கள். வந்ததும் கரைப் பக்கம் திருப்புங்கள். வீடு வந்துவிடும்!

இத்தனையும் தாண்டியவர்தான் தண்டல். தோணியின் தலைவர். யாழ்ப்பாணப் பக்கம் தண்டையல் என்பார்கள். கிளம்பலாமா, வேண்டாமா என்று சொல்கிற ஒரே வாய் அவருடையது. சரக்குக்காரர் கத்துவார், முதலாளி முறைப்பார். ‘இன்னிக்கு காத்து சரியில்லை’ என்று தண்டல் சொல்லிவிட்டால் பாய் விரியாது.

இந்த ஏணியை இன்றைக்கு உலகம் எப்படி ஏறுகிறது என்பதையும் பார்த்துவிடுவோம். உல்லாசப் பாய்ப்படகு ஓட்டக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு, பிரிட்டனின் ராயல் யாட்டிங் அசோசியேஷன் வகுத்த படிநிலைகள் பல நாடுகளில் செல்லுபடியாகின்றன. முதலில் ‘காம்பிடென்ட் க்ரூ’. ஐந்து நாள் பாடம். கயிறு பிடி, சுக்கான் பிடி, சொன்னதைச் செய். அடுத்து ‘டே ஸ்கிப்பர்’. தெரிந்த கடலில், பகலில், சின்னப் படகுக்குத் தலைவர். பிறகு ‘கோஸ்டல் ஸ்கிப்பர்’. கரையோரமாக ராத்திரியிலும் நீண்ட தூரம் ஓட்டலாம். அதற்கு மேலே ‘யாட்மாஸ்டர் ஆஃப்ஷோர்’. இந்தப் பரீட்சைக்கு உட்காரவே 50 நாள் கடலில் இருந்திருக்க வேண்டும். 2,500 கடல் மைல் ஓடியிருக்க வேண்டும். அதில் 60 மைலுக்குக் குறையாத ஐந்து பயணங்கள்; அவற்றில் இரண்டு ராத்திரிப் பயணங்கள், இரண்டில் நீங்களே தலைவர். உச்சியில் ‘யாட்மாஸ்டர் ஓஷன்’. எங்கும் நிற்காமல் 600 மைல், குறைந்தது 96 மணி நேரக் கடல் பயணம் முடித்திருக்க வேண்டும். செக்ஸ்டன்ட் கருவியால் சூரியனையோ நட்சத்திரத்தையோ அளந்து, நாம் எங்கே இருக்கிறோம் என்று கணக்குப் போட்டிருக்கவும் வேண்டும்.

கவனித்தீர்களா? நம் ராப்பலகை செய்த அதே வேலையை இன்னும் நுட்பமாகச் செய்கிற கருவிதான் செக்ஸ்டன்ட். சாட்டிலைட் யுகத்திலும் கடைசிப் படிக்குப் போகிறவரை வானத்தைப் பார்க்க வைக்கிறார்கள். மற்றபடி ஏணி அதேதான். கை, கண், பிறகு பொறுப்பு. வித்தியாசம், அங்கே ஒவ்வொரு படிக்கும் ஒரு சான்றிதழ்.

இந்தச் சான்றிதழில்தான் நம் ஆட்கள் சிக்கிக்கொண்டார்கள்.

1850-ல் பிரிட்டனில் ஒரு சட்டம் வந்தது. வெளிநாட்டுக்குப் போகிற கப்பலின் கேப்டனும் மேட் எனப்படும் துணை அதிகாரிகளும் பரீட்சை எழுதித் தேறியிருக்க வேண்டும். நல்ல சட்டம்தான். திறமையில்லாதவர்களால் கப்பல்கள் மூழ்கிக்கொண்டிருந்த காலம். ஆனால், பரீட்சை எழுத வேண்டுமானால் முதலில் கப்பலில் அதிகாரிப் பயிற்சிக்கு யாராவது சேர்த்துக்கொள்ள வேண்டுமே? வெள்ளைக்காரக் கம்பெனிகள் இந்தியர்களைக் கூலிக்குச் சேர்த்துக்கொண்டன. அதிகாரிப் பயிற்சி என்றால் கதவு மூடிக்கொண்டது.

அவர்களுடைய நீராவிக் கப்பல்களில் இந்திய மாலுமிகளுக்கு ‘லாஸ்கர்’ என்று பெயர். அவர்களுக்கும் ஒரு ஏணி இருந்தது. கீழே சாதாரண லாஸ்கர். உச்சியில் ‘செராங்’, அதாவது நம்மூர் சாரங். அவர் லாஸ்கர்களுக்குத்தான் மேஸ்திரி, கப்பலுக்கு அல்ல. அந்த சாரங்குக்கும் ஒரு படி கீழே ஒரு பதவி. அதன் பெயர் என்ன தெரியுமா?

‘டிண்டல்.’

ஆமாம், நம் தண்டல்தான்! சொந்தத் தோணியில் காற்றையும் முதலாளியையும் எதிர்த்துப் பேசிய தலைவனின் பெயர், வெள்ளைக்காரன் கப்பலில் மேஸ்திரிக்கு உதவியாளனின் பெயராகச் சுருங்கிவிட்டது. ஏணியைப் பிடுங்கவில்லை, பாருங்கள். மேல் படிகளை மட்டும் அறுத்துவிட்டார்கள். கீழே நின்று எவ்வளவு வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம், ஏறத்தான் முடியாது.

வ.உ.சி. 1906-ல் தூத்துக்குடியில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி தொடங்கியதை வெறும் டிக்கெட் விலைச் சண்டையாகத்தான் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். மூலதனம் பத்து லட்சம் ரூபாய், 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள், காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள்... இதெல்லாம் தெரிந்த கதை. ஆனால், அந்தக் கம்பெனியின் நோக்கங்களில் இன்னொன்றும் எழுதப்பட்டிருந்தது. இந்தியர்களுக்கும் ஆசிய நாட்டவர்க்கும் கப்பல் ஓட்டும் கலையைப் பயிற்றுவிப்பது! வ.உ.சி.க்கு விஷயம் புரிந்திருந்தது. கப்பலை விலைக்கு வாங்கினால் மட்டும் போதாது, அறுந்த படிகளைத் திரும்பப் பொருத்த வேண்டும். அதற்கு அவகாசம் கிடைக்கவில்லை. 1908-ல் அவர் சிறைக்குப் போனார். 1911-ல் கம்பெனியே மூடப்பட்டது.

அவர் விட்ட இடத்தில் வேறொரு தமிழர் வந்தார். கூட்டம் போட்டுப் பேசுகிறவர் அல்ல. கோட்டு போட்ட மிதவாதி. சர் பி.எஸ். சிவசாமி ஐயர். இந்தியர்களுக்கென்று வணிகக் கப்பல் துறை வேண்டும், அதற்கு அதிகாரிகளை உருவாக்க வேண்டும் என்று 1922-ல் டெல்லி சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். அதன் விளைவாக 1923-ல் ஒரு கமிட்டி. கமிட்டியின் சிபாரிசால் 1927-ல் பம்பாயில் டஃப்ரின் என்ற பழைய துருப்புக் கப்பல், பயிற்சிக் கப்பலாக மாறியது. இந்தியப் பையன்கள் முதன்முறையாக அதிகாரிகளாவதற்காகவே ஒரு கப்பலில் ஏறினார்கள். 1850-க்கும் 1927-க்கும் நடுவே 77 வருஷம்! மூன்று தலைமுறைத் தண்டல்கள் வந்து போய்விட்டார்கள்.

அதற்காக அந்த மூன்று தலைமுறையும் கடலை மறந்துவிட்டதா? இல்லவே இல்லை. 1938 ஆகஸ்ட்டில் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்து க்ளாஸ்டர் துறைமுகத்துக்கு ஒரு பாய்மரக் கப்பல் வந்து சேர்ந்தது. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் வேப்பமரமும் இலுப்பைமரமும் தெரிந்த தச்சர்கள் கட்டிய கப்பல். பெயர், அன்னபூரணி. வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் அதை விலைக்கு வாங்கி, தன் மனைவி பெயரைச் சூட்டி ஊருக்குக் கொண்டுபோனார். ராபின்சன் லேசுப்பட்ட ஆள் இல்லை. 32 அடி நீளப் படகில் 1928-லிருந்து 1931 வரை உலகத்தையே சுற்றி வந்தவர். படகு பார்க்கத் தெரிந்த கண். அந்தக் கண் தேர்ந்தெடுத்தது வல்வெட்டித்துறைக் கப்பலை. அட்லாண்டிக்கைத் தாண்டி அது போனபோது, பாய்க்கயிற்றைப் பிடித்திருந்தது வல்வெட்டித்துறை மாலுமிகளின் கைகள். அடுப்படியில் ஆரம்பித்த அதே படிப்பு, அமெரிக்கா வரை செல்லுபடியானது!

சுதந்திரத்துக்குப் பிறகு காட்சி மாறியது. 1972-ல் டஃப்ரினுக்குப் பதிலாக வந்த பயிற்சிக் கப்பலின் பெயர், ராஜேந்திரா. கடாரம் கொண்ட சோழனின் பெயர்! 2008-ல் தொடங்கிய இந்திய கடல்சார் பல்கலைக்கழகத்துக்குச் சென்னைதான் தலைமையிடம். அறுந்த படிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

உச்சிப் படி எப்படி இருக்கும் என்பதை அண்மையில் ஒரு பெண் காட்டினார். ரூபா அழகிரிசாமி. புதுச்சேரிக்காரர். கடற்படையில் லெப்டினன்ட் கமாண்டர். கப்பல் ஓட்டுகிற பிரிவிலிருந்து வந்தவர்கூட இல்லை. ஆயுதப் பரிசோதனைப் பிரிவு. அவரும் கேரளத்தின் தில்னாவும் 56 அடி நீளமுள்ள தாரிணி என்ற பாய்ப்படகில் 2024 அக்டோபர் 2-ம் தேதி கோவாவிலிருந்து கிளம்பி, உலகத்தைச் சுற்றிவிட்டு 2025 மே 29-ம் தேதி திரும்பினார்கள். ஏறக்குறைய எட்டு மாதம். 25,000 கடல் மைலுக்கு மேல். படகில் இரண்டே பேர். ஒருவர் தூங்கினால் மற்றவர் கையில்தான் இரண்டு உயிரும்.

ஒரே நாளிலா ஏறினார்கள்? மூன்று வருஷப் பயிற்சி. வாத்தியார், 2012-13-ல் எங்கும் நிற்காமல் தன்னந்தனியாக உலகைச் சுற்றிய முதல் இந்தியரான அபிலாஷ் டோமி. முதலில் ஆறு பேர் கொண்ட குழுவில் இருவராக, கோவாவிலிருந்து கேப் டவுன் வழியாக ரியோ டி ஜெனிரோ வரை போய்த் திரும்பினார்கள். பிறகு இருவர் மட்டும், அந்தமான் வரை. பிறகு இருவர் மட்டும், மொரீஷியஸ் வரை. அதன் பிறகுதான் உலகம். படியைக் கவனியுங்கள். ஒவ்வொரு தடவையும் தூரம் கூடுகிறது. கூட இருக்கிற ஆட்கள் குறைகிறார்கள். கடைசியில் வாத்தியார் கரையில் நின்றுகொள்கிறார்.

ஆக, பண்டாரிக்கு எடுபிடியாக நின்ற பையனுக்கும் தாரிணியில் நின்ற ரூபாவுக்கும் பாடம் ஒன்றுதான். கற்றுத் தருகிறவர் ஒருநாள் சுக்கானை உங்கள் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போக வேண்டும். அந்த ஒரு படி இல்லையென்றால், மற்ற படிகளெல்லாம் வெறும் கூலி வேலை. ‘டிண்டல்’களுக்கு மறுக்கப்பட்டது அந்த ஒரு படிதான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. தூத்துக்குடித் தோணிகளுக்கு இன்ஜின் வந்தாகிவிட்டது. சாட்டிலைட் கருவி திசை சொல்கிறது. வெறும் பாயை நம்பிக் கொழும்புக்கு ஓட்டிய தண்டல்களுக்கு வயதாகிவிட்டது. எந்த மேகத்துக்கு எந்தக் காற்று, எந்த நிறத் தண்ணீருக்கு அடியில் எந்த மண் என்பதெல்லாம் அவர்கள் தலைக்குள் இருக்கிறது. எழுதப்பட்டது கொஞ்சம்தான்.

நம் கூரத்தாழ்வானைப் பற்றி வைணவ மரபில் ஒரு கதை உண்டு. ராமானுஜரோடு காஷ்மீர் வரை போய்ப் பார்த்த அபூர்வமான ஒரு சுவடியைக் கையோடு கொண்டுவர முடியாமல் போனது. ராமானுஜர் வருந்தினார். கூரத்தாழ்வானோ ராத்திரிகளில் அதைப் படித்து மனப்பாடமே செய்துவிட்டிருந்தாராம். ஊருக்குத் திரும்பியதும் அவர் சொல்லச் சொல்ல, வேலை நடந்தது. மனசில் இருந்தது ஏட்டுக்கு வந்தது, பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஓர் ஆள் இருந்ததால்.

தூத்துக்குடிப் பக்கம் போனால், கடற்கரைத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஏதாவது ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். ‘ஐயா, நீங்க தண்டலா இருந்தீங்களா?’ என்று கேளுங்கள். கையில் ஒரு நோட்டு இருக்கட்டும்.